டேப் சங்கமும் பறந்து வந்த ஜீப்பும்

அந்த ரோடு இப்படி நடந்துகொள்ளும் என்று பட்டாணி கனவிலும் நினைக்கவில்லை.

லாரிகள் பூனை மாதிரி வந்தன. பஸ்கள் தள்ளி நின்று வழிவிட்டன. தினமும் காது கிழிய ஹாரன் அடிக்கும் தண்ணீர் வண்டிக்காரர்கூட ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "போங்கம்மா, மெதுவாப் போங்க. எனக்கென்ன அவசரம்?" என்றார்.

பட்டாணி வாயைப் பிளந்தாள். "அக்கா, போன வாரம் என் சாப்பாட்டுப் பையைத் தட்டிவிட்டுட்டுப் போனது இவர்தான்."

"பேசாம நட," என்றார் கண்டக்டர் அக்கா, அவள் கையை இறுக்கிப் பிடித்தபடி. "இன்ஜினியர் சார் பார்த்துக்கிட்டு இருக்காரு. முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்க."

"கையை நசுக்கினா எப்படிக்கா சிரிக்கிறது?"

பட்டாணிக்குப் பத்து வயது. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். அதனால் அந்தப் பெயர். அவளுடைய அம்மா தையல்காரர். ரோட்டின் இந்தப் பக்கம் அவர்களுடைய தையல் கடை. மேலே ஒரே ஒரு அறை, அதுதான் வீடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நடுவில் இந்த ரோடு. இங்கே வண்டிகள் ஓடுவதில்லை, பாயும்.

பாய்ந்த வண்டிகளில் ஒன்றுதான் போன மாதம் நெட்டையின் காலை உடைத்தது. நெட்டை, பட்டாணியின் உயிர்த்தோழி. ஒரு ஸ்கூட்டர் வந்த வேகத்தில் அவளைத் தட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. இப்போது அவள் காலில் மாவுக்கட்டு.

அன்றைக்குத்தான் டேப் சங்கம் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது.

அந்தப் பெண்கள் சங்கத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் தெருவில் எல்லோரும் டேப் சங்கம் என்றே சொல்வார்கள். காரணம் இருக்கிறது. சங்கம் கூடுவது பட்டாணி வீட்டுத் தையல் கடையில். ஆரம்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவர் பேசுவதும் ஒருவருக்கும் கேட்காது. ஒருநாள் அம்மா பொறுமை இழந்து, தன் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவர் கழுத்தில் போட்டாள்.

"டேப் யார் கழுத்துல இருக்கோ அவங்க மட்டும் பேசுங்க. மத்தவங்க வாயை மூடிக் காதைத் திறந்து வைங்க."

அதுவே சட்டமாகிவிட்டது. கண்டக்டர் அக்கா மட்டும் டேப்பைக் கழற்றவே மாட்டார். இரண்டு தடவை அதோடு வீட்டுக்கே போயிருக்கிறார்.

அப்படிப் பேசிப் பேசித்தான் தெருவிளக்கு வந்தது, குப்பை வண்டி வந்தது. இப்போது நகராட்சியில் ஒரு புதிய திட்டம். பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் வேகத்தடை போட்டு, பிள்ளைகள் கடக்க வெள்ளைக் கோடு போடுவார்கள். ஆனால் எல்லா இடத்துக்கும் இந்த வருஷம் கிடைக்காது. இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து, "இங்கே கட்டாயம் வேண்டும்" என்று சொன்னால்தான் உண்டு.

அந்த இன்ஜினியர்தான் இன்றைக்கு வந்திருக்கிறார். சும்மா இருக்குமா சங்கம்? திரைச்சீலை தைத்து மிச்சமான பச்சைத் துணியில் அம்மா எல்லோருக்கும் தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்ளப் பட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். முப்பது நாற்பது பெண்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு குழந்தையின் கையையும் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை டீச்சரம்மா நடுரோட்டில் நின்று விசில் ஊதினார்.

இன்ஜினியர் எல்லாவற்றையும் அமைதியாகப் பார்த்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நான்கு பேனா. கடைசிக் குழந்தையும் பள்ளிக்கூடத்துக்குள் போனதும் அவர் கைகூப்பினார்.

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு ஒழுங்கான ரோட்டை நான் பார்த்ததே இல்லை."

கண்டக்டர் அக்கா பெருமையோடு பச்சைப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வண்டிக்காரங்க எவ்வளவு பொறுமை. பிள்ளைங்க எவ்வளவு பாதுகாப்பாப் போகுது. இங்க வேகத்தடையே தேவையில்லை. அதை நிஜமாவே ஆபத்தான இடத்துக்குக் கொடுத்துடலாம். வெள்ளிக்கிழமை என் அறிக்கை மேலே போகுது, அப்படியே எழுதிடறேன்."

டீச்சரம்மாவின் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது.

"சார்..." என்றாள் அம்மா.

இன்ஜினியர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பட்டாணி பள்ளிக்கூட வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பட்டாணி நேராக நெட்டையின் வீட்டுக்கு ஓடினாள். வீடு என்றால், முன்னால் முடிதிருத்தும் கடை, பின்னால் வீடு. நெட்டை சுழல் நாற்காலி ஒன்றில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அதில் பட்டாணி வரைந்த யானைக்குத் தும்பிக்கை மட்டும் அழிந்துபோயிருந்தது.

"வா," என்றாள் நெட்டை. வழக்கம்போல் நாற்காலியைச் சுழற்றிக் காட்டவில்லை. "என் துணியெல்லாம் பையில வெச்சாச்சு."

"எதுக்கு?"

"மாமா ஊருக்குப் போறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாராம்."

"லீவுக்கா?"

"இல்லடி. படிக்க. இனிமே அங்கதான்."

பட்டாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் நெட்டையின் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நிஜமாவா?"

"நிஜந்தாம்மா," என்றார் அவர் திரும்பாமல். "இந்த ரோடு ஒரு தடவை காலை எடுத்துச்சு. அடுத்த தடவை என்ன எடுக்கும்னு யாருக்குத் தெரியும்? மச்சான் வீட்டு வாசல்லயே பள்ளிக்கூடம். ரோடு தாண்ட வேண்டியதில்லை."

"வேகத்தடை வந்துடுச்சுன்னா?"

"எங்க வரப்போகுது? இன்ஜினியரே வேண்டாம்னுட்டாராமே."

பாதி முகம் நுரையோடு இருந்தவர் கண்ணைத் திறந்து, "ஆமாம்மா, நான்கூடக் கேள்விப்பட்டேன். ரொம்ப ஒழுங்கான ரோடுன்னு சொன்னாராம்," என்றார்.

"நீங்க ஆடாம இருங்க, அப்புறம் காது போயிடும்," என்றார் நெட்டையின் அப்பா. அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. மகளை அனுப்ப அவருக்கு மட்டும் ஆசையா என்ன?

பட்டாணி நெட்டையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பெஞ்சுல இனிமே ஜன்னல் பக்கம் உனக்கே," என்றாள் நெட்டை.

"எனக்கு ஜன்னல் வேண்டாம்."

"தினம் அதுக்குத்தானே சண்டை போடுவ?"

"நீ இருந்தாத்தானே சண்டை போட முடியும்?"

நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழிந்த தும்பிக்கையை விரலால் தடவினாள்.

பட்டாணி எழுந்தாள். "ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. பையைக் கட்டினா பிரிக்க முடியாதா என்ன?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்குப் போனால் அடுத்த அதிர்ச்சி. தையல் கடை நிறையப் பெண்கள். ஆனால் ஒரு சத்தம் இல்லை.

டேப் தையல் மெஷின் மேல் கிடந்தது. எடுப்பார் இல்லை. கண்டக்டர் அக்கா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாணிக்குப் பயமே வந்துவிட்டது.

"அம்மா, கண்டக்டர் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று காதில் கேட்டாள்.

"மனசு சரியில்லை," என்றாள் அம்மா. "எத்தனை தடவை அந்த ஆபீஸ் படி ஏறி இறங்கினோம். வார்டு கூட்டத்துல எவ்வளவு பேசினோம். இன்னைக்கு வந்த மனுஷன் கண்ணால பார்த்தும் வேண்டாம்னுட்டாரே. எங்க தப்பு நடந்துச்சுன்னே புரியலை."

"ரோடு இன்னைக்கு நம்மளை ஏமாத்திடுச்சு," என்றார் டீச்சரம்மா, விசிலைக் கையில் உருட்டியபடி. டேப் இல்லாமலேயே பேசிவிட்டோம் என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பட்டாணி மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். ரோடு எப்படி ஏமாற்றும்? ரோடு என்ன நாடகத்திலா நடிக்கிறது? தண்ணீர் வண்டிக்காரர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. "எனக்கென்ன அவசரம்?" என்று சொன்னபோது அவர் பார்த்தது பட்டாணியையா? இல்லை. கண்டக்டர் அக்காவை. அப்புறம் டீச்சரம்மாவை. அப்புறம் பச்சைப் பட்டை போட்ட அத்தனை பேரையும்.

திக்கென்றது அவளுக்கு.

எழுந்து போனாள். மெஷின் மேலிருந்த டேப்பை எடுத்தாள். தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அது அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

கடையே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"ஏய், என்னடி இது? கழற்று," என்றாள் அம்மா.

"இரும்மா," என்று கையை உயர்த்தினார் டீச்சரம்மா. "டேப் யார் கழுத்துல இருக்கோ அவங்கதான் பேசணும். சட்டம் போட்டது நீதான். வயசு என்னன்னு நீ சொல்லலை."

பட்டாணி கேட்டாள்.

"கண்டக்டர் அக்கா, உங்க பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? படுத்துத் தூங்கினவன்கூட எழுந்து டிக்கெட்டைக் கையில வெச்சுப்பான். படியில தொங்கினவன் உள்ள வந்துடுவான். எங்க டிரைவர் இருக்காரே, அவர் பஸ்ஸைத் தொட்டில் மாதிரி ஓட்டுவாரு. அந்தாளு இறங்கிட்டாப் போதும், திரும்பப் பழைய குருடி..."

கண்டக்டர் அக்கா பாதியில் நின்றார். அவர் கண் பெரிதானது.

"இன்னைக்கு நம்ம ரோட்டுல நாற்பது செக்கிங் இன்ஸ்பெக்டர் நின்னீங்கக்கா," என்றாள் பட்டாணி.

அம்மா மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஐயோ," என்றார் கண்டக்டர் அக்கா. "நம்ம வாயில நாமளே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டோமா?"

"அதுவும் பச்சைப் பட்டை கட்டிக்கிட்டு," என்றாள் அம்மா. "நான் விடிய விடிய உட்கார்ந்து தைச்சேனே."

"வரிசையா நில்லுங்கன்னு ஒத்திகை பார்த்ததே நான்தான்," என்றார் டீச்சரம்மா. அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "குறும்புக்காரப் பிள்ளையைப் புகார் சொல்லக் கூட்டிட்டுப் போயி, அங்க அதை நல்ல பிள்ளையா உட்கார வெச்சுட்டோம்."

கண்டக்டர் அக்கா துள்ளி எழுந்தார். "சரி, கிளம்புங்க. நாளைக்கே நாற்பது பேரும் ஆபீசுக்குப் போவோம். வாசல்ல உட்காருவோம்."

"அக்கா," என்றாள் பட்டாணி, "டேப் இன்னும் என் கழுத்துல இருக்கு."

கண்டக்டர் அக்கா உட்கார்ந்தார்.

"எல்லாரும் போனா அவர் மறுபடியும் உங்களைத்தான் பார்ப்பார். ரோட்டைப் பார்க்க மாட்டார். அம்மாவும் நானும் போறோம். நீங்க எல்லாரும் ஒரே ஒரு வேலை செய்யணும். ரொம்பக் கஷ்டமான வேலை."

"என்னன்னு சொல்லு, மலையைப் புரட்டணுமா?"

"இல்லக்கா. ஒண்ணுமே செய்யாம இருக்கணும்."

மறுநாள் காலையில் அம்மாவும் பட்டாணியும் நகராட்சி ஆபீசில் இன்ஜினியரின் மேஜை முன்னால் நின்றார்கள். அவர் நாலாவது பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நேத்தே சொன்னேனே. உங்க ரோடு தங்கமான ரோடு."

"தப்பு எங்க மேலதான் சார்," என்றாள் அம்மா. "நாங்க நின்னதாலதான் வண்டியெல்லாம் மெதுவாப் போச்சு. இன்னொரு தடவை வந்து பாருங்க."

"ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு தடவை போனா நான் எப்ப முடிக்கிறது?"

"சார்," என்றாள் பட்டாணி. மேஜை உயரமாக இருந்ததால் அவள் எம்பி நிற்க வேண்டியிருந்தது. "நீங்க இன்னும் ஒரு தடவைகூட வரலையே."

"நேத்து வந்தேனேம்மா."

"நேத்து நீங்க பார்த்தது ரோட்டை இல்லை சார். எங்க அம்மாவை."

இன்ஜினியர் பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "இது யாரு?"

"சங்கத்துல நேத்து சாயங்காலம் சேர்ந்திருக்கா," என்றாள் அம்மா.

"எங்க வீட்டு மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தா ரோடு முழுசும் தெரியும் சார். நீங்க வந்தது யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா ரோட்டுக்குத் தெரியக் கூடாது."

இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். "நாளைக்குக் காலையில வரேன். கொஞ்ச நேரந்தான்."

வியாழக்கிழமை காலை. தையல் கடையின் ஷட்டர் இறக்கப்பட்டிருந்தது. உள்ளே சங்கம் மொத்தமும் அடைந்து கிடந்தது. "யாரும் வெளிய போகக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது. தும்மினாக்கூடக் கையால பொத்திக்கணும்," என்று உத்தரவு போட்டிருந்தார் டீச்சரம்மா. சொல்லிவிட்டு முதலில் தும்மியதும் அவர்தான்.

வகுப்புப் பிள்ளைகளுக்குப் பட்டாணி முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள். "யாரும் ஓடக் கூடாது. சுவரை ஒட்டி நில்லுங்க. வண்டி தானா நின்னு வழிவிட்டாத்தான் தாண்டணும். இல்லைன்னா நின்னுக்கிட்டே இருங்க. லேட்டானா நான் டீச்சர்கிட்ட சொல்லிக்கிறேன்." பள்ளிக்கூடத்துக் காவல்காரரையும் ரோட்டின் இந்தப் பக்கம் வந்து சுவர் ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தாள். ஒரு பிள்ளை காலைக் கீழே வைத்தாலும் பிடித்து இழுக்க வேண்டியது அவர் பொறுப்பு.

இன்ஜினியர் தெருமுனையிலேயே ஜீப்பை விட்டு இறங்கி, சந்து வழியாக வந்து மாடி ஏறினார். பட்டாணி ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் அவர் சட்டைப் பையைத் தடவினார். நான்கு பேனா இருந்தது. மூக்குக் கண்ணாடி இல்லை.

"அடடா, ஆபீஸ்லயே வெச்சுட்டேன். டிரைவரை எடுத்துட்டு வரச் சொல்றேன்," என்று போன் செய்தார்.

"கண்ணாடி இல்லாம ரோடு தெரியுமா சார்?"

"வண்டி தெரியும், ஆளு தெரியும். தூரத்துல எழுத்துதான் தெரியாது. நீ படிச்சுச் சொல்லு."

கீழே ஒரு லாரி போயிற்று. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பின்னாலேயே இரண்டு பஸ், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. இன்ஜினியர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"இது அதே ரோடுதானா?"

"அதே ரோடுதான் சார்."

தண்ணீர் வண்டி வந்தது. பட்டாணிக்குத் தெரிந்த பழைய தண்ணீர் வண்டி. ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல், பாதித் தண்ணீரை ரோட்டில் சிந்தியபடி பறந்தது.

"இவர்தானே நேத்தைக்கு முந்தின நாள் எனக்கென்ன அவசரம்னு சொன்னவர்?" என்றார் இன்ஜினியர்.

"அவரேதான் சார்."

சுவரை ஒட்டிப் பிள்ளைகள் நின்றார்கள். முதலில் நாலைந்து பேர். அப்புறம் பத்துப் பேர். வரிசை நீண்டுகொண்டே போயிற்று. ஒரு சின்னப் பையன் காலை முன்னால் வைத்தான், ஒரு மோட்டார் சைக்கிள் சீறியதும் பின்னால் இழுத்துக்கொண்டான். காவல்காரர் அவன் பையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்மா, அந்தப் பிள்ளைங்க இன்னுமா நிக்குது?"

"யாரும் வழிவிடலையே சார்."

"ஒருத்தன்கூடவா நிறுத்த மாட்டான்?"

அந்தப் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் இந்தப் பக்கமே நின்றார்கள். இன்ஜினியரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவர் கைக்குட்டையை எடுத்தார், துடைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார்.

"தினமும் இப்படித்தானா?"

"தினமும் நிக்க மாட்டோம் சார். மணி அடிச்சதும் ஓடிடுவோம். நெட்டையும் அப்படித்தான் ஓடினா."

அப்போது ரோட்டின் கோடியில் ஒரு வண்டி தெரிந்தது. மற்ற வண்டிகளெல்லாம் நடந்து வந்தன என்று சொல்லும்படி இருந்தது இதன் வேகம். பஸ்ஸை முந்தியது, ஸ்கூட்டரை ஓரம் கட்டியது. தண்ணீர் வண்டி சிந்திவிட்டுப் போன தண்ணீரை வாரி, சுவரோரம் நின்ற பிள்ளைகள் மேல் இறைத்துவிட்டுப் போயிற்று. வெள்ளைச் சட்டைகளெல்லாம் சேறு.

இன்ஜினியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"யாருய்யா அவன்? கொஞ்சமாவது அறிவு இருக்கா? பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி இந்த வேகமா? இவனையெல்லாம் சும்மா விடக் கூடாது. நம்பரைப் பாரும்மா, நம்பரைப் பாரு."

பட்டாணி பார்த்தாள். பார்த்துவிட்டு இன்ஜினியர் பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா, நம்பர் தெரியலையா?"

"நம்பர் வேண்டாம் சார்," என்றாள் மெதுவாக. "கதவுல உங்க ஆபீஸ் பேரே எழுதியிருக்கு."

இன்ஜினியர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். டிரைவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார், கையில் கண்ணாடிக் கூட்டோடு.

"சார், கண்ணாடி. லேட்டாயிடக் கூடாதேன்னு பறந்து வந்தேன் சார்," என்றார் முகமெல்லாம் சிரிப்பாக.

இன்ஜினியரும் பட்டாணியும் அவரையே பார்த்தார்கள். டிரைவரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "என்ன சார்? வேற கண்ணாடியா?"

இன்ஜினியர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். சேறு படிந்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு டிரைவரிடம், "நேத்து வரைக்கும் நான் உன்னைக் கெட்டிக்காரன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்றார். "நீ சீக்கிரமா ஓட்டுறப்ப எல்லாம் நானும் உள்ளதான் உட்கார்ந்திருந்தேன்."

பிறகு கிடுகிடுவென்று படி இறங்கினார். பட்டாணி பின்னாலேயே ஓடினாள். அவர் நேராக ரோட்டு ஓரத்துக்குப் போய்க் கையை நீட்டினார். ஒரு லாரி அவரைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. ஒரு பஸ் வளைந்து போயிற்று. பஸ்ஸிலிருந்து யாரோ, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார்.

"என்னையே கேட்கிறான்," என்றார் இன்ஜினியர், நம்ப முடியாமல்.

"எங்களைத் தினமும் கேட்பாங்க சார்," என்றாள் பட்டாணி.

அதற்கு மேல் சங்கத்தால் தாங்க முடியவில்லை. ஷட்டர் சடசடவென்று மேலே போயிற்று. பச்சைப் பட்டைகள் திமுதிமுவென்று வெளியே வந்தன. டீச்சரம்மா விசிலை வாயில் வைத்ததும் ரோடு மறுபடியும் நல்ல பிள்ளை ஆயிற்று. லாரி நின்றது, பஸ் நின்றது. பிள்ளைகள் சேறு சொட்டச் சொட்டக் கடந்து போனார்கள்.

இன்ஜினியர் ரோட்டையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா தன் கழுத்து டேப்பைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள். அவர் திடுக்கிட்டுப்போய், "என்னம்மா, எனக்கு எதுக்கு அளவெடுக்கறீங்க?" என்றார்.

"அளவு இல்லை சார். இப்ப நீங்க பேசலாம்னு அர்த்தம்."

அவர் கொஞ்ச நேரம் டேப்பின் நுனியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து எழுதினதைக் கிழிச்சுடறேன்," என்றார். "புதுசா எழுதறேன். முதல் இடம் உங்க ரோட்டுக்கு. வேகத்தடை போட நாளாகும். அதுவரைக்கும் காலையிலயும் சாயங்காலமும் குறுக்கே இரும்புத் தடுப்பு வெச்சு ஒரு ஆளை நிறுத்தறேன். நாளையிலேர்ந்து." டிரைவர் பக்கம் திரும்பினார். "அந்த ஆளு யாருன்னு நினைக்கிற? நீதான்."

கண்டக்டர் அக்கா மெதுவாக அவர் பக்கத்தில் போனார். "சார், பேசி முடிச்சாச்சுன்னா டேப்பை இப்படிக் குடுங்க. எனக்குக் கொஞ்சம் பேசணும்."

வெள்ளிக்கிழமை தடுப்பு வந்தது. டிரைவர் கையில் சிவப்புக் கொடியோடு நின்றார். ஒரு வண்டியும் அவரைத் தாண்டிப் பறக்க முடியவில்லை. பறப்பது எப்படி என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமே. நெட்டையின் அப்பா கடையை விட்டு வந்து, கையில் கத்தரிக்கோலோடு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று கடையில் பாதி முடி வெட்டிய தலையோடு காத்திருந்தவர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் திகைத்துப்போனாராம்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டையின் மாமா வந்தார். சாப்பிட்டார். நெட்டையோடு தாயம் விளையாடித் தோற்றார். வெறுங்கையோடு திரும்பிப் போனார். பையைப் பிரித்துத் துணிகளை அடுக்கி வைத்தது பட்டாணிதான்.

நெட்டையின் மாவுக்கட்டைப் பிரித்த வாரத்தில் வேகத்தடையும் வந்துவிட்டது. கோடு போட வந்த ஆட்கள் வெள்ளைப் பட்டையின் அகலத்தை எப்படி அளப்பது என்று விழித்தார்கள். அளவு கருவியை ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். டிரைவர் எடுத்து வரக் கிளம்பினார்.

"வேண்டாம், நீங்க போக வேண்டாம்," என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அம்மா கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிக் கொடுத்தாள். இன்றைக்கும் அந்த டேப்பின் நுனியில் வெள்ளைப் பெயின்ட் இருக்கிறது.

மறுநாள் காலை பட்டாணியும் நெட்டையும் கைகோத்துக்கொண்டு முதல் வெள்ளைப் பட்டையில் கால் வைத்தார்கள். நெட்டை இன்னும் கொஞ்சம் விந்தித்தான் நடந்தாள். ஒரு பெரிய லாரி வேகத்தடையில் ஏறி இறங்கி, பெருமூச்சு விட்டு அவர்களுக்கு முன்னால் நின்றது. அதன் பின்னால் தண்ணீர் வண்டி. அதன் பின்னால் நகராட்சி ஜீப்.

நெட்டைக்குக் கூச்சமாகிவிட்டது. "சீக்கிரம் வாடி, எல்லாரும் நமக்காக நிக்கறாங்க."

"நிக்கட்டும்," என்றாள் பட்டாணி. "அதுக்குத்தானே கேட்டோம்."